பத்து மாத்திரைக்கு அரை மணி நேரமா? மருத்துவமனை மருந்தகம் இயங்கும் விதம்

"பத்து மாத்திரை எண்ணிக் கொடுப்பதற்கு அரை மணி நேரமா?" மருத்துவமனை மருந்தகத்தின் கவுன்ட்டர் முன் நின்றவர்கள் ஒருமுறையாவது இப்படி முணுமுணுத்திருப்பார்கள். நியாயமான எரிச்சல்தான். வெளியிலிருந்து பார்த்தால் வேலை மிக எளிது: சீட்டை வாங்க வேண்டும், அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும், உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த அரை மணியில் எடுத்துக் கொடுப்பதற்கு ஆவது சில நிமிடங்கள்தான். கூட்டம், ஆள் பற்றாக்குறை போன்ற வழக்கமான காரணங்களைக் கழித்துவிட்டால், மீதி நேரம் சந்தேகப்படுவதில் போகிறது. மருத்துவமனை மருந்தகத்தை ஒரு கிடங்காக நினைத்தால் அதன் நடைமுறைகள் வீண் கெடுபிடியாகத் தோன்றும். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆட்களை அமர்த்திய இடம் என்று நினைத்துப் பாருங்கள், பல விஷயங்கள் பிடிபடும்.

வெளியே இருக்கும் மருந்துக்கடையில் நோயாளியோ அவர் வீட்டாரோ எதிரே நிற்பார்கள், கேள்வி கேட்கலாம். மருத்துவமனையிலோ மருந்து யார் உடலுக்குள் போகப்போகிறதோ அவர் பெரும்பாலும் மருந்தாளுநரின் கண்ணில் படுவதே இல்லை. அவர் ஏதோ ஒரு வார்டில் படுத்திருப்பார், அல்லது அறுவை அரங்கில் மயக்கத்தில் இருப்பார். மருந்துகளின் தன்மையும் வேறு. மாத்திரைகளுக்கு இணையாக ஊசிமருந்துகளும் சிரைவழி ஏற்றும் திரவங்களும் இங்கே புழங்குகின்றன. தவறாக விழுங்கிய மாத்திரை இரத்தத்தில் கலப்பதற்குச் சற்று நேரமாவது ஆகும். சிரைக்குள் செலுத்திய மருந்து அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

சீட்டிடம் கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவர் எழுதிய மருந்து, தாளிலோ கணினியிலோ மருந்தகத்துக்கு வந்து சேர்கிறது. மருந்தாளுநர் முதலில் பார்ப்பது மருந்தின் பெயரை அல்ல, ஆளின் பெயரை. ஒரே வார்டில் ஒரே பெயருடைய இருவர் படுத்திருப்பது அபூர்வமான காரியமில்லை. அதனால்தான் பெயரோடு மருத்துவமனைப் பதிவு எண் போன்ற இன்னோர் அடையாளமும் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். படுக்கை எண்ணை மட்டும் நம்புவதில்லை; நோயாளியைப் படுக்கை மாற்றிவிடுவார்கள்.

அடுத்தது ஒவ்வாமை. "பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது" என்று கோப்பில் தெளிவாக எழுதியிருக்கும். ஆனால் சீட்டில் வருவது ஏதோ ஒரு வணிகப் பெயர். அதற்குள் இருப்பது அமாக்சிசிலின், அது பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைப் பெயரை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெயருக்குப் பின்னால் இருக்கும் வேதிப்பொருளைப் பார்ப்பது மருந்தாளுநருக்குப் பழக்கமாகவே ஆகிவிடுகிறது.

அதே பழக்கம்தான் இரட்டிப்பையும் பிடிக்கிறது. காய்ச்சலுக்கு ஒரு மருத்துவர் பாராசிட்டமால் எழுதுகிறார். வலிக்கு இன்னொருவர் எழுதிய கூட்டு மாத்திரையிலும் அதே பாராசிட்டமால் இருக்கிறது. சளிக்கு வாங்கியதிலும் இருக்கிறது. வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் உச்சவரம்பு. மூன்று பெயர்களில் ஒரே மருந்தை விழுங்கி அந்த வரம்பைத் தாண்டினால் அடிவாங்குவது கல்லீரல்.

மருத்துவமனையில் கூடுதலாக ஒரு சிக்கல்: நோயாளியின் உடல் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கும். நுண்ணுயிர்க்கொல்லிகளான ஜென்டாமைசின், வான்கோமைசின், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் எனாக்ஸாபரின் போன்றவை சிறுநீரகம் வழியே வெளியேறுபவை. திங்கட்கிழமை எழுதிய அளவு அன்றைக்குச் சரியாக இருந்திருக்கும். வியாழக்கிழமை இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தால் அதே அளவு மிகையாகிவிடும். சீட்டில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது, ஆள் மாறியிருப்பார். ஆகையால் ஒருமுறை பார்த்தாயிற்று என்று எந்தச் சீட்டையும் ஒதுக்கி வைக்க முடிவதில்லை.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினைச் சாப்பிட்டுவருபவருக்கு மெட்ரோனிடசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்த்தால் வார்ஃபரினின் வேகம் கூடி இரத்தக்கசிவு வரை போகலாம். மூக்குக்குழாய் வழியே உணவு செலுத்தப்படும் நோயாளிக்கு, மெல்ல மெல்லக் கரையும்படி தயாரித்த மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுத்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்துக்குள் இறங்கிவிடும். மருந்து சரி, அளவு சரி, ஆள் சரி, பொடித்ததுதான் பிழை.

குழந்தைகளின் சீட்டு வந்தால் மருந்தாளுநர் தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். எட்டு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் என்றால் 120 மில்லிகிராம். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் கொண்ட சிரப்பும் இருக்கிறது, 250 மில்லிகிராம் கொண்டதும் இருக்கிறது. "5 மில்லி கொடுக்கவும்" என்று மட்டும் எழுதிய சீட்டு, எந்தப் பாட்டில் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சரியான அளவாகவும் ஆகலாம், இரண்டு மடங்குக்கு மேலும் ஆகலாம். அத்தகைய சீட்டை முழுமையற்றது என்று திருப்பி அனுப்ப வேண்டும். ஊகித்துக் கொடுக்கக் கூடாது.

ஊகிக்கக் கூடாத இன்னும் சில எழுத்துப் பழக்கங்கள் உண்டு. 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கிப்போய் 10 ஆகத் தெரியும். அதனால் முழு எண்ணுக்குப் பின் பூஜ்யம் போடுவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். நேர்மாறாக, அரை மில்லிகிராமைப் பூஜ்யம் இல்லாமல் .5 என்று எழுதினால் 5 ஆகிவிடும். எனவே அங்கே பூஜ்யம் கட்டாயம். இன்சுலின் எழுதும்போது 'யூனிட்' என்ற சொல்லுக்கு அதன் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் கிறுக்கினால் அது பூஜ்யமாகத் தோன்றி, 10 யூனிட் 100 யூனிட் ஆகும். கணினி வந்தபின் கையெழுத்துக் குழப்பம் குறைந்தது உண்மை. அதற்குப் பதிலாகப் பட்டியலில் பக்கத்து மருந்தின் மேல் விரல் பட்டுவிடும் குழப்பம் வந்து சேர்ந்தது.

சந்தேகம் எழுந்தால் மருந்தாளுநர் தானாகச் சீட்டைத் திருத்துவதில்லை. எழுதிய மருத்துவரை அழைத்துக் கேட்கிறார். மாற்றம் செய்தால் அது பதிவாகிறது. இந்த அழைப்பை எல்லா மருத்துவர்களும் ரசிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறுவை அரங்கில் நிற்பவரைக் கூப்பிட்டு "அரை மாத்திரையா, ஒன்றரை மாத்திரையா?" என்று கேட்பது கேட்பவருக்கும் சங்கடம்தான். கவுன்ட்டரில் நீங்கள் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பகுதி, அந்தத் தொலைபேசி எடுக்கப்படுவதற்கான காத்திருப்பு.

வார்டுக்குப் போகும் வழிகள்

எல்லா மருந்துக்கும் ஒரே வழி இல்லை. அடிக்கடி தேவைப்படும் சாதாரண மருந்துகளும் சலைன் பாட்டில்களும் வார்டிலேயே சிறு இருப்பாக வைக்கப்படும். செவிலியர் எடுத்துப் பயன்படுத்திக் கணக்கெழுதுவார். வசதியான முறைதான், ஆனால் அங்கே மருந்தாளுநரின் கண் படாமலே மருந்து நோயாளியிடம் போய்விடுகிறது. மற்ற மருந்துகளை ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே ஒரு நாளுக்கானதாகக் கட்டி அனுப்புகிறார்கள்.

1960களில் அமெரிக்க மருத்துவமனைகளில் உருவான ஒற்றை வேளை முறை இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு வேளைக்கான மருந்து மட்டும், பெயர், வீரியம், காலாவதி நாள் அச்சிட்ட தனி உறையில் வரும். நோயாளியின் படுக்கையருகே போய்த்தான் உறை கிழிக்கப்படும். அதுவரை அந்த மாத்திரைக்குப் பெயர் இருக்கிறது. கிண்ணத்தில் கொட்டிய ஏழு வெள்ளை மாத்திரைகளுக்குப் பெயர் கிடையாது. அவற்றில் எது எதுவென்று, கொட்டியவருக்கே பத்து நிமிடம் கழித்துத் தெரியாது. நோயாளி ஒரு வேளை மருந்தை மறுத்துவிட்டால், பிரிக்காத உறை அப்படியே மருந்தகத்துக்குத் திரும்பலாம் என்பது கூடுதல் லாபம். சில மருத்துவமனைகளில் கடவுச்சொல்லோ கைரேகையோ கொடுத்தால் மட்டும் திறக்கும் தானியங்கி அலமாரிகளும், கைப்பட்டையையும் உறையையும் ஒப்பிடும் பட்டைக்கோடு வாசிப்பான்களும் இதே வேலைக்கு உதவுகின்றன.

அவசர சிகிச்சை வண்டி தனி ரகம். இதயம் நின்றுபோனவருக்கு அட்ரினலின் வேண்டும்போது சீட்டு எழுதி அனுப்பிக் காத்திருக்க முடியாது. எனவே உயிர்காக்கும் மருந்துகளை வண்டியில் அடுக்கி, எண்ணிட்ட பிளாஸ்டிக் முத்திரையால் பூட்டிவிடுவார்கள். முத்திரையை உடைப்பது ஒரு நொடி வேலை. முத்திரை முழுதாக இருந்தால் உள்ளே எல்லாம் இருக்கிறது என்று பொருள். உடைந்திருந்தால் வண்டி மருந்தகத்துக்குத் திரும்பி மீண்டும் நிரப்பப்பட வேண்டும். உள்ளே இருப்பவற்றில் முதலில் காலாவதியாகும் மருந்தின் தேதி வண்டியின் வெளியே எழுதி ஒட்டியிருக்கும்.

ஒன்றுபோல் இருப்பவையும், ஒருமுறை தவறினால் போதுமானவையும்

டோபமின், டோபுட்டமின். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின். ஹைட்ராலசின், ஹைட்ராக்சிசின். உரக்கப் படித்துப் பாருங்கள். அவசரத்தில் தொலைபேசியில் கேட்டால் என்ன ஆகும் என்று தெரியும். பெயரில் ஒத்தவை இவை என்றால், குப்பியின் வடிவிலும் மூடியின் நிறத்திலும் ஒத்தவை வேறு. அகர வரிசையில் அடுக்கினால் ஒத்த பெயர்கள் அருகருகே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதால், அவற்றை வேண்டுமென்றே வெவ்வேறு தட்டுகளில் வைக்கிறார்கள். பெயர்ச்சீட்டில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிடுகிறார்கள்.

இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலிநிவாரணிகள், புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றை உயர் எச்சரிக்கை மருந்துகள் என்று தனியே பிரிப்பார்கள். மற்றவற்றைவிட இவற்றில் தவறு அதிகம் நேரும் என்பதல்ல காரணம். நேர்ந்தால் விளைவு கடுமையாக இருக்கும் என்பதே.

இந்தப் பட்டியலில் பொட்டாசியம் குளோரைடு செறிவூட்டிய கரைசலைப் பற்றி அவசியம் பேச வேண்டும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு இது அருமருந்து. ஆனால் நீர்க்கச் செய்து, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். நீர்க்காமல் நேரே சிரையில் செலுத்தினால் இதயத்துடிப்பு நின்றுவிடும். பார்ப்பதற்கோ நிறமற்ற திரவம். ஊசிமருந்தைக் கரைக்கும் வெறும் நீரைப் போலவே சிறு குப்பியில் வரும். வார்டில் இரண்டும் ஒரே தட்டில் இருந்த காலத்தில் இறப்புகள் நேர்ந்தன. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் அமைப்பு 1998இல் தொடங்கிய எச்சரிக்கை அறிக்கை வரிசையில் முதல் அறிக்கையே இதைப் பற்றியதுதான். அது சொன்ன தீர்வு: செறிவூட்டிய குப்பியை வார்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். "கவனமாக இருங்கள்" என்று சுவரில் எழுதி ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். இரவு மூன்று மணிக்குக் களைத்துப்போன ஒருவர் சுவரைப் படிக்கமாட்டார். ஆனால் அங்கே இல்லாத குப்பியை அவரால் எடுக்கவும் முடியாது.

வின்கிரிஸ்டின் கதையும் அப்படித்தான். சிரையில் மட்டுமே ஏற்ற வேண்டிய புற்றுநோய் மருந்து அது. முதுகுத்தண்டு நீரில் செலுத்தவேண்டிய வேறொரு மருந்தோடு ஒரே நாளில், ஒரே மாதிரி சிரிஞ்சில் வந்தபோது இடம் மாறிப்போய் உயிர்கள் பலியாயின. உலக சுகாதார நிறுவனம் 2007இல் விடுத்த எச்சரிக்கையில், வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் தராமல் சிறிய பையில் நீர்த்துத் தரும்படி பரிந்துரைத்தது. பையை யாரும் முதுகுத்தண்டில் செலுத்த முனைய மாட்டார்கள்.

இத்தகைய மருந்துகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பும் உண்டு. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "நான் 4.2 மில்லி என்று கணக்கிட்டேன், சரிதானே?" என்று கேட்டால் இரண்டாமவர் தலையாட்டிவிடுவார். முதலாமவரின் விடையைப் பார்க்காமல் இரண்டாமவர் தானே கணக்கிட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்யாத இரட்டைச் சரிபார்ப்பில் மிஞ்சுவது இரண்டு கையெழுத்துகள் மட்டுமே.

கலக்கும் அறை

பெரிய மருத்துவமனைகளில் சிரைவழி மருந்துகள் சிலவற்றை மருந்தகமே கலந்து அனுப்புகிறது. முழு அங்கி, முகக்கவசம், கையுறையோடுதான் அந்த அறைக்குள் போக முடியும். 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கும் வடிகட்டி வழியே காற்று வருகிறது. சாதாரணக் கலவை அறையில் காற்றழுத்தம் வெளியைவிட அதிகம்; கதவைத் திறந்தால் காற்று வெளியே தள்ளும், தூசு உள்ளே வராது. புற்றுநோய் மருந்து கலக்கும் அறையில் இது தலைகீழ்: அழுத்தம் குறைவு, மருந்தின் துளி வெளியே போய்விடக் கூடாது. முதல் அறையில் காப்பாற்றப்படுவது மருந்து. இரண்டாவதில் மருந்தோடு, கலப்பவரும் பக்கத்து அறைக்காரரும்.

வாய்வழி உண்ண முடியாதவர்களுக்கான சிரைவழி ஊட்டப் பையில் குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், கொழுப்பு, தாது உப்புகள் எல்லாம் ஒன்றாகச் சேரும். சமையலில் எதை எப்போது போடுவது என்பதுபோல் இங்கும் வரிசை உண்டு. பாஸ்பேட்டை முதலில் சேர்த்து நன்றாகக் கலந்து, கால்சியத்தைக் கடைசியில் சேர்ப்பார்கள். இரண்டும் செறிவாகச் சந்தித்தால் படிகமாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படிகம் நுரையீரல் இரத்தக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

இருப்பு என்னும் தலைவலி

இனி கிடங்குப் பக்கம். ஒரு குப்பி எப்போது வாங்கப்பட வேண்டும்? நாளொன்றுக்கு 40 குப்பி செலவாகிறது, ஆணை கொடுத்தால் வந்துசேர ஏழு நாள் ஆகிறது, தாமதத்துக்கென்று மூன்று நாள் இருப்பு வைத்துக்கொள்கிறோம் என்றால், கையிருப்பு 400ஐத் தொடும்போது மறு ஆணை போக வேண்டும். கணக்கு இவ்வளவுதான். தொற்றுநோய்க் காலத்தில் அந்த 40 என்பது 150 ஆகும்போது கணக்கு கவிழ்கிறது, அது வேறு விஷயம்.

பணத்தை அதிகம் விழுங்கும் மருந்துகள் எவை என்று ஒரு பட்டியலும், உயிருக்கு இன்றியமையாதவை எவை என்று இன்னொரு பட்டியலும் வைத்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நச்சுமுறிவு மருந்துகள் மாதக்கணக்கில் தொடப்படாமல் கிடந்து காலாவதியும் ஆகும். கணக்காளரின் கண்ணுக்கு அது வீண் செலவு. ஆனால் ஓப்பியாய்டு (மார்ஃபின் வகை மருந்து) மிகையால் மூச்சு நிற்கப்போகும் ஒருவர் வந்து சேரும் இரவில், அதன் முறிமருந்தான நலோக்சோனுக்கு "ஆர்டர் போட்டிருக்கிறோம்" என்று சொல்ல முடியாது. தீயணைப்பு வண்டி சும்மாதானே நிற்கிறது என்று யாரும் அதை விற்றுவிடுவதில்லையே.

அலமாரியில் முதலில் வந்தது முதலில் போவதில்லை. முதலில் காலாவதியாவது முதலில் போகும். நேற்று வந்த பெட்டியின் ஆயுள், போன மாதம் வந்ததைவிடக் குறைவாக இருக்கலாம். திறந்த குப்பிக்கோ அட்டையில் அச்சிட்ட தேதி பொருந்தாது. பெரும்பாலான இன்சுலின் குப்பிகள் திறந்தபின் 28 நாள்தான். எனவே திறந்த தேதியை அதன் மேலேயே எழுத வேண்டும்.

இன்சுலினும் பெரும்பாலான தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெப்பம் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்துபோனாலும் கெடும் என்பதுதான் பலர் அறியாதது. உறைந்து உருகிய இன்சுலின் பார்ப்பதற்கு நல்லதைப் போலவே இருக்கலாம், ஆனால் நம்ப முடியாது. மருந்தகக் குளிர்பெட்டியின் வெப்பநிலையைத் தொடர்ந்து குறித்துவைப்பது இதற்காகத்தான். மின்சாரம் போய் அளவு தாண்டிவிட்டால், தயாரிப்பாளரின் விவரத்தைச் சரிபார்க்கும் வரை அந்த மருந்துகள் தனியே ஒதுக்கி வைக்கப்படும்.

மார்ஃபின் போன்றவற்றுக்கு இரட்டைப் பூட்டு, தனிப் பதிவேடு. 10 மில்லிகிராம் ஆம்பூலை உடைத்து நோயாளிக்கு 4 மில்லிகிராம் கொடுத்தால், மீதி 6 மில்லிகிராம் என்ன ஆனது என்பதற்கும் சாட்சிக் கையெழுத்து வேண்டும். பணிநேரம் மாறும்போது ஆம்பூல்களை எண்ணிப் பார்த்துத்தான் சாவி கைமாறும். ஒன்று குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

எதை வாங்குவது என்பதை மருந்தகம் தனியாக முடிவு செய்வதில்லை. மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் செவிலியர்களும் கொண்ட குழு ஒன்று மருந்துப் பட்டியலை வகுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1977இல் முதன்முதலாக வெளியிட்ட அத்தியாவசிய மருந்துகளின் பட்டியல் இப்படிப்பட்ட பட்டியல்கள் பலவற்றுக்கு முன்மாதிரி. 2017 முதல் அந்நிறுவனம் நுண்ணுயிர்க்கொல்லிகளை மூன்றாகப் பிரித்திருக்கிறது: வழக்கமாகத் தரக்கூடியவை, கண்காணித்துத் தரவேண்டியவை, கடைசி ஆயுதமாகப் பாதுகாக்க வேண்டியவை. மூன்றாம் வகை மருந்து எழுதினால், ஏன் என்று கேட்டு ஒப்புதல் பெற்ற பிறகே அதை வெளியே விடும் மருந்தகங்கள் உண்டு.

வீடு திரும்பும் நாள்

மருந்துகள் வழிதவறுவதற்கு வாய்ப்பான நேரங்கள் மூன்று: நோயாளி உள்ளே வரும்போது, வார்டு மாறும்போது, வீட்டுக்குப் போகும்போது. ஒவ்வொரு முறையும் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். வீட்டில் சாப்பிட்டுவந்த இரத்த அழுத்த மாத்திரை மருத்துவமனைப் பட்டியலில் இல்லாததால், அதே மருந்து வேறு வணிகப் பெயரில் கொடுக்கப்பட்டிருக்கும். நோயாளி வீட்டுக்குப் போய்ப் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் சேர்த்தே விழுங்குவார். அவர்மேல் தவறில்லை, இரண்டு அட்டையும் இரண்டு பெயரில்தானே இருக்கின்றன. அதனால் மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டு மருந்துகளை அட்டையோடு எடுத்துப்போவது நல்லது. திரும்பும்போது "இவற்றில் எதை நிறுத்த வேண்டும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதைச் சேர்க்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாங்குபவர்களிடம் மருந்தாளுநர் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதைக் காணலாம். அது வாரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டிய மாத்திரை. மற்ற மாத்திரைகளைப் போலத் தினமும் சாப்பிட்டதால் உயிரிழந்தவர்கள் உண்டு. எனவே உறையின் மேல் "வாரம் ஒருமுறை" என்று எழுதுவதோடு அவர் நிறுத்துவதில்லை. எந்தக் கிழமை என்று நோயாளியிடமே கேட்டு, அந்தக் கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதி, "எப்போது சாப்பிடுவீர்கள், ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுத்தான் உறையைக் கையில் கொடுக்கிறார். பின்னால் நிற்பவர் அப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.